ஆகாசத்துல தொங்குன கரை

ஒரு ஊர்ல, மூணு பக்கமும் கடல் சூழ்ந்த ஒரு மணல் ஊர்ல, சவேரியம்மான்னு ஒருத்தி இருந்தா. ம் கொட்டுடி ராசாத்தி, அப்பத்தான் கதை நடக்கும். ம்... அவளுக்கு ஒரே தங்கச்சி, பேரு பிரகாசி. அவளக் கடலுக்கு அந்தப் பக்கம், மன்னார்ல கட்டிக்குடுத்திருந்தாங்க. அப்போ கப்பல் ஓடுச்சு. பூம்ம்ம்னு ஊதிக்கிட்டுப் போவும், வரும். அப்புறம் சண்டை வந்து கப்பல நிறுத்திப்புட்டாங்க. கடுதாசியும் இல்ல. அம்மா செத்துப்போனா. அந்தச் சேதியக்கூட தங்கச்சிக்குச் சொல்ல வழியில்ல. சவேரி ஒத்தையா நின்னு மண்ணு போட்டா.

அப்புறம் ஒரு பங்குனி மாசக் காலையில காத்தே இல்ல. கடல் எண்ணெய் ஊத்துனாப்புல கெடக்கு. சவேரி மூஞ்சி கழுவிட்டு நிமிந்தா, ஆத்தாடி! கடலுக்கு மேல, ஆகாசத்துல ஒரு கரை தொங்குது! தென்னமரம், வெள்ளக் கோயிலு, இழுத்துப்போட்ட வள்ளம், எல்லாம் தலகீழா. கடல் மேல குளுந்த காத்தும் சூடான காத்தும் அடுக்கடுக்கா நின்னா, தூரத்துக் கரை அப்படி எழும்பித் தெரியுமாம். அது அப்போ யாருக்குத் தெரியும்?

ஊரெல்லாம் பேச்சாப் போச்சு. வண்டி கட்டிக்கிட்டு வேடிக்க பாக்க வந்தாங்க. சர்பத்துக் கடை கூட வந்துருச்சு. "அது செத்தவங்க ஊரு, அங்க தெரியிற ஆளு உசுரோட இல்ல"ன்னு எவனோ கிளப்பிவிட்டான்.

சவேரி கூட்டத்துக்கு நடுவுல போய் நின்னா. "அது மன்னார்க் கரைதான், எந்தங்கச்சி சாகல"ன்னா.

தூங்கிட்டியா? ம்... சரி.

அதுக்கப்புறம் மொதத் தடவ கரை எழும்புனப்போ, இடுப்பளவு தண்ணியில நின்னு, "பிரகாசீஈஈ"ன்னு கத்துனா. கடல் அந்தச் சத்தத்த முழுங்கிருச்சு. ரெண்டாந்தடவ, தென்னமட்டையக் குமிச்சுத் தீ வச்சா. சடசட சடசடன்னு எரிஞ்சு பொகை மேல போச்சு. அந்தப் பக்கம் ஒரு அசைவும் இல்ல.

மூணாந்தடவ வள்ளத்தத் தள்ளுனா. பக்கத்து வீட்டு வியாகுலம் மாமா ஓடியாந்தாரு.

"ஏ புள்ள, அது கானலு! போகப் போக ஒண்ணும் இருக்காது!"

"இருக்காட்டிப் போவுது மாமா. இங்க உக்காந்து பாத்துக்கிட்டே இருக்க முடியல."

சளப்பு சளப்புன்னு துடுப்புப் போட்டா. அவ போகப் போக, கரை நெளிஞ்சுச்சு, கிழிஞ்சுச்சு, ஒண்ணுமில்லாமப் போச்சு. முன்னாடி தண்ணி, பின்னாடி தண்ணி. துடுப்புப் போட்டுப் போட்டுக் கை ஓஞ்சுபோச்சு. அப்போ நடுக்கடல்ல ஒரு மணல்திட்டு தெரிஞ்சுச்சு. வத்தம் வந்து தண்ணி எறங்குனா மட்டும் தலகாட்டுற திட்டு. அதுல ஏறி உக்காந்து, "நான் பைத்தியக்காரிதான்"னு அழுதா.

அழுத கண்ணத் தொடச்சுட்டுப் பாத்தா, அந்தப் பக்கத்துலேருந்து ஒரு புள்ளி. புள்ளி வள்ளமாச்சு. வள்ளத்துல ஒரு பொம்பள.

"அக்கா!"

"அடியே! நீ எப்படிடி?"

"எங்க ஆகாசத்துல நம்ம கரை தொங்குச்சுக்கா! நம்ம கோயில் கொடிமரத்தப் பாத்தேன். கை தானா துடுப்ப எடுத்துருச்சு."

ரெண்டு பேரும் கட்டிக்கிட்டாங்க. அப்புறம் பிரகாசி கேட்டா, "அம்மா எப்படிருக்கு?"

சவேரி மணல அள்ளி அள்ளிக் கீழ விட்டா. "போயிருச்சுடி. கடைசியில உம் பேரத்தான் சொல்லிச்சு."

பிரகாசி அக்கா மடியில மொகம் பொதச்சு விம்முனா. சவேரி அவ முடியப் பிரிச்சு, சிக்கெடுத்து, பின்னிவிட்டுக்கிட்டே இருந்தா.

"எனக்கு ஒரு பொண்ணு இருக்காக்கா. நடக்குறா."

"யாரு ஜாடை?"

"கோவம் வந்தா அப்படியே அம்மா."

அழுகைக்கு நடுவுல ரெண்டு பேருக்கும் சிரிப்பு வந்துருச்சு.

அப்போ களக் களக்னு தண்ணி ஏறுச்சு. பாதத்த நனச்சுச்சு, கணுக்காலத் தொட்டுச்சு. "போடி, புள்ள தேடும்"னா அக்கா. "நீ மொதல்ல போ"ன்னா தங்கச்சி. முழங்கால் முங்குற வரைக்கும் யாரும் போகல. அப்புறம் வள்ளம் ரெண்டும் ரெண்டு பக்கம் போச்சு. திரும்பிப் பாத்தா கை ஓடாதுன்னு ரெண்டு பேருமே திரும்பல. தண்ணிக்கடியில, அவங்க உக்காந்திருந்த குழிய மணல் மெல்ல மெல்ல வந்து நெறச்சுச்சு.

கதையும் கரை சேந்துருச்சு. கண்ண மூடிக்க, ராசாத்தி.