சுகந்தியை விரட்டிய குரல்

கோயம்புத்தூரில் நடந்த கட்டற்ற மென்பொருள் கண்காட்சியின் கடைசி நாள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம், எதற்கும் பயன்படுத்தலாம் என்று எழுதிக்கொடுத்துவிட்ட மென்பொருள்களுக்கான கண்காட்சி அது. ஓரத்து ஸ்டால் ஒன்றில் சேந்தன் நாற்காலியில் சரிந்து கிடந்தார். ஈரோட்டில் ஒரு பாலிடெக்னிக் விரிவுரையாளர். திரையில் உள்ள தமிழைப் பார்வையற்றவர்களுக்கு வாசித்துக் காட்டும் மென்பொருளைப் பல வருடங்களாகத் தனியாளாகப் பராமரித்துவருபவர். வந்தவர்களில் பாதிப் பேர் ஸ்டிக்கரை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். மீதிப் பேர், "இலவசமாக் கொடுத்தா உங்களுக்கு என்ன சார் கிடைக்கும்?" என்று கேட்டார்கள். சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது. கால் வீங்கி, செருப்பைக் கழற்றி மேசைக்கு அடியில் தள்ளியிருந்தார்.

அவருக்குப் பதிலாக ரபியத் பேசிக்கொண்டிருந்தார். பொள்ளாச்சிப் பக்கம் அரசுப் பள்ளி ஆசிரியை. பிறவியிலேயே பார்வை இல்லாதவர். அந்த மென்பொருளின் குரலைக் கேட்டுத்தான் பி.எட். முடித்தார். இன்றும் பாடம் தயாரிப்பது அதை வைத்துத்தான். மற்ற இயந்திரக் குரல்களை வேகமாக ஓடவிட்டால் சொற்கள் குழைந்துவிடும். இந்தக் குரல் எவ்வளவு வேகத்திலும் தெளிவாக நிற்கும்.

குரலுக்கு உரியவர் குணவதி, சேந்தனின் பாலிடெக்னிக்கில் நூலகர். ஒரு கோடை விடுமுறை முழுக்க, இரைச்சல் விழக்கூடாதென்று மின்விசிறியை அணைத்துவிட்டு, வியர்க்க வியர்க்க வாசித்துப் பதிவுசெய்து கொடுத்தார். சம்மதம் சொல்வதற்கு முன் ஒன்றே ஒன்று கேட்டார்.

"பின்னாடி எனக்கு வேண்டாம்னு தோணுச்சுன்னா?"

"சொல்லுங்க மேடம், எடுத்துடறேன்."

வெளியிட்டுவிட்ட ஒன்றைத் திரும்ப வாங்க முடியாது என்பது சேந்தனுக்குத் தெரியும். அப்படி ஒரு நாள் வராது என்ற நம்பிக்கையில் சொல்லிவிட்டார்.

அன்று பிற்பகல் குணவதி கண்காட்சிக்கு வந்தார். தன் குரலைப் பத்துப் பேர் கேட்பதைப் பார்க்க அவருக்கு ஆசை. சேந்தனின் ஸ்டாலை நெருங்கும்போது எதிர் ஸ்டாலிலிருந்து அதே குரல் கேட்டது.

"மூன்றாம் வரிசை. ஆள் இல்லை. உடனே இருக்கைக்குத் திரும்பவும்."

முதலில் சிரித்தார். அடுத்த நொடி நின்றுவிட்டார்.

அவருடைய தங்கை சுகந்தி திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் தையல் வேலை செய்கிறாள். போன மாதம் போனில் சொல்லியிருந்தாள்: "அக்கா, உன்னை மாதிரியே ஒருத்தி மெஷினுக்குள்ள உக்காந்துட்டு எங்களை விரட்டறா. பாத்ரூம் போனாக்கூட விடமாட்டேங்கறா." விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று குணவதி நினைத்திருந்தார்.

எதிர் ஸ்டாலில் நின்ற தினகர் என்ற இளைஞன் உற்சாகமாக விளக்கினான். தொழிலாளர் எழுந்துபோனால் கண்டுபிடித்து அழைக்கும் கருவி. திருப்பூரில் பல இடங்களில் மாட்டியிருக்கிறார்கள். சேந்தன் வெறுங்காலோடு எழுந்து வந்து, வேறு குரலுக்கு மாற்றமுடியுமா என்று கேட்டார்.

"கேட்டுப் பாக்கறேன் சார். ஆனா கம்பெனிக்காரங்க ஒத்துக்கமாட்டாங்க. இந்தக் குரலுக்குத்தான் பொண்ணுங்க மறுபேச்சில்லாம வந்து உக்கார்றாங்க. வீட்ல அக்கா கூப்பிடற மாதிரி இருக்காம்." பிறகு பணிவாகவே சேர்த்துக்கொண்டான்: "எதுக்கு வேணும்னாலும் பயன்படுத்தலாம்னு நீங்கதானே சார் எழுதியிருக்கீங்க?"

சேந்தன் திரும்பிவந்து உட்கார்ந்தார். குணவதி அவர் முன்னால் நின்றார்.

"எடுத்துடுங்க சார்."

"மேடம், நான் எடுத்தாலும் அவங்ககிட்ட இருக்கற நகல்..."

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. எடுத்துடறேன்னு சொன்னீங்க. திருப்பூர்ல வேலை பாக்கற என் தங்கச்சியை நானே விரட்டிட்டு இருக்கேன்."

ரபியத் சத்தம் வந்த பக்கம் திரும்பினார். "சார் எடுத்துட்டா அந்தக் கம்பெனிக்கு ஒண்ணும் ஆகாதுங்க அக்கா. அடுத்த தடவை புதுப்பிக்கும்போது எங்க கம்ப்யூட்டர்லதான் குரல் போயிடும்."

பக்கத்து ஸ்டால்களில் பேனரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். சேந்தன் மடிக்கணினியை இழுத்துத் திறந்தார். குணவதியின் கண்ணெதிரிலேயே அந்தக் குரலை மென்பொருளிலிருந்து நீக்கினார். மூடிவிட்டு, இரண்டு கைகளாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டார்.

"எடுத்துட்டேன் மேடம்."

ரபியத் குணவதியின் கையைத் தேடிப் பிடித்தார். "அக்கா, உங்ககிட்ட மறைக்க மாட்டேன். என்கிட்ட பழைய நகல் இருக்கு. நான் அழிக்கமாட்டேன். என்னை மாதிரி யாராவது கேட்டா கொடுப்பேன். உங்களுக்குக் கோவம் வந்தா என்னைத் திட்டுங்க."

குணவதி கையை விடுவித்துக்கொள்ளவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. சற்று நின்றுவிட்டுத் தனியாகப் பேருந்து நிலையத்துக்குப் போனார்.

மறுநாள் சுகந்தி வேலைக்குப் போனாள். தண்ணீர் குடிக்க எழுந்தாள். அக்காவின் குரல் அவளைத் திரும்பக் கூப்பிட்டது. போய் உட்கார்ந்தாள்.

குணவதி தன் குரலைத் திருப்பித் தரச் சொன்னார். சேந்தன் பயனில்லை என்று தெரிந்தும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். குரலுக்கு உரியவரே வேண்டாம் என்றபோதும் ரபியத் அதை வைத்துக்கொண்டார். இதில் யார் செய்தது சரி?

விடை: ரபியத் செய்ததே சரி என்பேன். குணவதி கேட்டதில் தப்பில்லை. தங்கையின் காதில் அந்தக் குரல் விழக்கூடாது என்பதே அவர் கேட்டதன் பொருள். அதைச் செய்ய சேந்தனால் முடியாது. "என்னால் முடியாததைச் சொல்லிவிட்டேன், மன்னியுங்கள்" என்று ஒப்புக்கொள்வதே அவர் செய்திருக்க வேண்டியது. களைத்துப்போயிருந்தவருக்கு அதைச் சொல்வதைவிட நீக்குவது சுலபமாக இருந்தது. அதனால் சுகந்திக்கு நிம்மதி கிடைக்கவில்லை. முகம் தெரியாத பலருக்குக் குரல் போயிற்று. ரபியத் மட்டுமே குணவதியிடம் உண்மையை முழுதாகச் சொன்னார், செய்யப்போவதையும் ஒளிக்கவில்லை. ஆனால் இந்த விடையைக் குணவதியிடம் போய்ச் சொல்ல எனக்குத் துணிவில்லை.