ஒரே கேள்வி கேட்கத் தெரிந்த காவல்காரன்

கலெக்டர் ஆபீஸுக்கு எதிரே தகரக் கூரை போட்ட மனு எழுதும் கடை ஒன்று. அந்தக் கடையில் ஒரு கம்ப்யூட்டர். அந்தக் கம்ப்யூட்டருக்குள் ஒரு வாசல் இருந்தது. வாசலில் ஒரு காவல்காரன் இருந்தான்.

அவனுக்கு வேலை ஒன்றுதான். புதிதாக ஏதாவது செயலி உள்ளே வந்து குடியேற நினைத்தால், திரையை இருட்டாக்கிவிட்டு முன்னால் வந்து நிற்பான். 'இவர் உங்கள் கம்ப்யூட்டரில் மாற்றங்கள் செய்ய அனுமதிக்கிறீர்களா?' என்று கேட்பான். அவனுக்கு வலப்பக்கம் 'ஆம்' நிற்பாள், இடப்பக்கம் 'வேண்டாம்' நிற்பாள். கடைக்காரி எப்சிபா இருவரில் யாரைத் தொடுகிறாளோ அதன்படி கதவைத் திறப்பான், இல்லாவிட்டால் மூடுவான்.

ஏழு வருஷத்தில் 'வேண்டாம்' என்பவளை ஒருநாளும் யாரும் தொட்டதில்லை. எதற்காக நிற்கிறோம் என்பதே அவளுக்கு மறந்துவிட்டது. 'ஆம்' என்பவளுக்கோ ஓய்வே கிடையாது.

எப்சிபாவைக் குறை சொல்ல நான் வரவில்லை. அவளை மாதிரி மனு எழுதுகிற ஆள் அந்த வரிசையிலேயே இல்லை. எழுதி முடித்ததும் ஒரு வரி விடாமல் சத்தமாகப் படித்துக் காட்டுவாள். அதற்கு முன்னால் யாராவது கைநாட்டு வைக்க விரலை நீட்டினால் அந்தக் கையைத் தட்டிவிடுவாள். "என்ன எழுதியிருக்குன்னு கேக்காமலே வைக்கியே, நாளைக்கு உன் வீட்டையே எழுதி வாங்கிட்டா என்ன செய்வ?" என்று திட்டுவாள். காவல்காரன் இதைத் தினமும் உள்ளேயிருந்து கேட்பான். கேட்டுவிட்டுப் பெருமூச்சு விடுவான். அவன் கேள்வியை மட்டும் அவள் ஒருநாளும் படித்ததில்லை.

ஒரு திங்கட்கிழமை. குறைதீர்க்கும் நாள் என்பதால் ரோடு வரைக்கும் கூட்டம். காலை பதினொன்றரை மணிக்கு இசக்கித்தாய் என்ற பெண் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். வலது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் சுருங்கிப்போயிருந்தது. எண்ணெய் பட்ட காயம் என்று பார்த்ததும் தெரிந்துவிடும். யார் ஊற்றினது என்று எப்சிபா கேட்கவில்லை, இசக்கித்தாயே சொன்னாள்.

"புருஷன விட்டுட்டு வந்து ஆறு மாசமாச்சுக்கா. மகளையும் கூட்டிட்டு வந்துட்டேன். எட்டாவது படிக்கா. பழைய பள்ளிக்கூடத்துல டிசி குடுக்க மாட்டேங்காவ, தகப்பன் கையெழுத்து வேணுமாம். கலெக்டர் சொன்னாத்தான் நடக்கும்னாவ."

"இப்ப எங்க இருக்க?"

இசக்கித்தாய் பின்னால் திரும்பிப் பார்த்தாள். பிறகு மேஜையின் மேல் குனிந்துகொண்டாள்.

"எங்க அம்மாவுக்கே தெரியாதுக்கா. அம்மாகிட்ட சொன்னா அவன் அடிச்சுக் கேட்டு வாங்கிருவான். அடுத்த தடவ கையோட விட மாட்டேன்னு சொல்லிருக்கான்."

"மனுவுல இப்ப இருக்க வெலாசம் போட்டாத்தான் பதில் வரும். அது கலெக்டர் ஆபீஸுக்குள்ள போற காகிதம், வேற யாரு பாக்கப்போறா? என்கிட்ட சொன்னது எங்கேயும் போவாது."

அவள் அப்படிச் சொன்னால் அது சத்தியம். ஊர்க்கதை பேசுகிற பழக்கமே எப்சிபாவுக்குக் கிடையாது.

'பெறுநர், மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்' என்று தொடங்கி, 'ஐயா' வரைக்கும் அடித்திருப்பாள். தமிழ் எழுத்து நின்றுவிட்டது. எந்த விசையை அமுக்கினாலும் வெறும் கட்டம் கட்டமாக வந்தது. இத்தனை நாள் பயன்படுத்திய தமிழ் டைப்பிங் செயலிக்குக் காலம் முடிந்துவிட்டதாம். வெளியே பன்னிரண்டு பேர் காத்துக்கொண்டிருந்தார்கள். மனு வாங்குகிற வரிசை ஒரு மணிக்கு மூடிவிடும். எப்சிபா இணையத்தில் தேடி, இலவசமாகக் கிடைத்த வேறொரு தமிழ் டைப்பிங் செயலியை இறக்கினாள்.

அதைக் கொண்டுவந்து குடிவைக்கிறவன் வாசலுக்கு வந்து சேர்ந்தான். அவன் பெயர் நிறுவி. சிரித்த முகம். கையில் ஒரு சின்னப் பொட்டலம், முதுகில் ஒரு பெரிய மூட்டை.

"எதுக்கு வந்தீரு?" என்றான் காவல்காரன்.

"தமிழ் எழுத்து கொண்டுவந்திருக்கேன். இந்தப் பொட்டலத்தை எழுத்துப் பெட்டியில் வைக்கணும், விசைப்பலகைக்கு ஒரு இணைப்புக் கொடுக்கணும். ரெண்டு நிமிஷ வேலை."

"சரி, எழுத்துப் பெட்டியோட சாவி போதும்தானே?"

நிறுவி சீட்டை நீட்டினான். அதில் 'முழு வீடும்' என்று எழுதியிருந்தது.

காவல்காரனுக்கு எரிச்சல் வந்தது. "குழாய் சரிபண்ண வந்தவனுக்குப் பீரோச் சாவி எதுக்கய்யா?"

"எனக்குத் தேவை இல்லைதான். என்னை அனுப்பினவங்க அப்படி எழுதிக் குடுத்தாங்க. அறை அறையா யோசிச்சு, இது வேணும் இது வேண்டாம்னு பிரிச்சுக் கேக்கணும்னா அவங்களுக்கு ஒரு மாச வேலை. முழுசாக் கேட்டா ஒரே வரியில முடிஞ்சுபோகுது. எல்லாரும் அப்படித்தான் கேக்கறாங்க. நீங்களே சொல்லுங்க, இதுவரைக்கும் வந்தவங்கள்ல யாரு கொஞ்சமாக் கேட்டது?"

காவல்காரன் யோசித்துப் பார்த்தான். காலண்டர் வந்தது, முழு வீடும் கேட்டது. பிரிண்டர் வந்தது, முழு வீடும் கேட்டது. திரையில் பூப்படம் மாற்றுகிற ஒன்று வந்தது, அதுவும் முழு வீட்டைத்தான் கேட்டது. கேட்டதெல்லாம் கிடைத்தது.

"அந்த மூட்டையில என்ன?"

"அதுக்குள்ள ஒரு எடுபிடி இருக்கான். அவன் இங்கேயே தங்குவான். ஜனங்க என்ன வார்த்தை எழுதறாங்கன்னு பார்த்து அனுப்புவான். அதை வெச்சு எங்க கம்பெனிக்காரங்க பிழைதிருத்தி செய்வாங்க. நல்ல காரியம்தான். எல்லாம் ஒப்பந்தத்துல இருக்கு, நாற்பத்தோராம் பக்கம்."

அப்போது உள்ளே அறையிலிருந்து ஒரு குரல் வந்தது. பாதி எழுதப்பட்டுக் கிடந்த மனுதான் பேசியது.

"காவல்காரரே, என்னைப் பாருங்க. எனக்கு இன்னும் 'ஐயா'வுக்குக் கீழே ஒண்ணும் இல்லை. இனிமேத்தான் ஒரு விலாசம் எழுதப்போறாங்க. அந்தப் பொண்ணு அதைப் பத்திப் பேசும்போது குரல் நடுங்கினதை நீங்களும் கேட்டீங்க. பெத்த தாய்க்கே சொல்லாததை எனக்குச் சொல்லப்போறா. இவனை உள்ளே விடாதீங்க."

அந்த அறையில் ஏழு வருஷத்து மனுக்கள் இருந்தன. நிலத்தை அண்ணன் அபகரித்ததாகச் சொன்னது, விதவைப் பென்ஷன் கேட்டது, மகனைக் காணோம் என்று அழுதது. எல்லாம் அலமாரியிலிருந்து எட்டிப் பார்த்தன.

"நான் விடுறதும் இல்லை, தடுக்கிறதும் இல்லை தாயி," என்றான் காவல்காரன். "எனக்குத் தெரிந்தது ஒரே கேள்வி. அதில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற எனக்கு உரிமை கிடையாது. 'எழுத்துப் பெட்டியை மட்டும் திறக்கலாமா' என்று கேட்க ஆசைதான். என்னைச் செய்தவர்கள் அந்தக் கேள்வியை எனக்குச் சொல்லித் தரவில்லை. வீடு முழுக்க, இல்லாவிட்டால் ஒன்றுமே இல்லை. இந்த ரெண்டுதான்."

"அப்படின்னா வேண்டாம்னு சொல்லட்டும்."

"சொன்னால் தமிழ் எழுத்து வராது. நீயும் இப்படியே பாதியில் கிடப்பாய். அந்தப் பெண் மனு கொடுக்காமல் திரும்பிப் போவாள், பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் கிடையாது."

'ஆம்' என்பவள் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்: "என்னைத் தொடுகிற விரல் என்னைத் தேடி வருவதில்லை, அவசரத்தில் வருகிறது. இன்றைக்காவது அவள் ஒரு நிமிஷம் படிக்கட்டும்."

காவல்காரன் திரையை இருட்டாக்கினான். முன்னால் போய் நின்றான். தன்னால் முடிந்த மட்டும் நிமிர்ந்து நின்றான். கேட்டான்.

"இந்தச் சனியன் வேற," என்று சொல்லிக்கொண்டே எப்சிபா 'ஆம்' மேல் அமுக்கினாள். அவளுடைய கண் வெளியே நிற்கிற வரிசையில் இருந்தது.

கதவு திறந்தது. நிறுவி சொன்ன சொல் தவறவில்லை, இரண்டே நிமிஷத்தில் எழுத்தை வைத்தான், இணைப்புக் கொடுத்தான், போய்விட்டான். எடுபிடி தங்கிவிட்டான். அவன் கையில் எல்லா அறைச் சாவியும் இருந்தது.

எப்சிபாவின் விரல் ஓடியது. மனு வளர்ந்தது. எண்ணெய்க் காயம் வந்தது, மகளின் பெயர் வந்தது, படிப்பு வந்தது. கடைசியில் மேட்டுத் தெரு, கதவு எண் 17 என்று விலாசம் வந்தது. எப்சிபா சேமித்தாள். எடுபிடி அந்தப் பக்கத்தைப் படியெடுத்து வெளியே அனுப்பினான், அலமாரியில் கிடந்த பழைய மனுக்களையும் அனுப்பினான். ஒரு தாளை ஒரு முறை எடுத்தால் அவனுக்குப் போதும், மறுபடி திரும்பிப் பார்க்க மாட்டான்.

பிறகு எப்சிபா வழக்கம்போல முழுவதையும் படித்துக் காட்டினாள். விலாசம் வந்ததும் இசக்கித்தாய் தடுத்தாள்.

"பதினேழு இல்லக்கா, எழுபத்தொண்ணு."

"பாத்தியா, இதுக்குத்தான் படிச்சுக் காட்டுறது," என்று எப்சிபா திருத்தினாள். அச்செடுத்த காகிதத்தில் 71 என்று சரியாக இருந்தது. இசக்கித்தாய் கைநாட்டு வைத்துவிட்டு ஓட்டமும் நடையுமாக ரோட்டைக் கடந்தாள். வரிசை மூட இன்னும் அரைமணி நேரம் இருந்தது.

எடுபிடி அனுப்பிய பக்கம் தூரத்தில் ஒரு கிடங்கில் போய் விழுந்தது. அங்கே அந்த மாதிரி லட்சக்கணக்கான பக்கங்கள் குவிந்து கிடந்தன. கம்பெனிக்காரர்களுக்கு வேண்டியது வார்த்தை மட்டும். யாருடைய வார்த்தை என்று அவர்கள் பார்க்கவில்லை. கிடங்குக்குப் பூட்டுப் போட வேண்டும் என்றும் யாருக்கும் தோன்றவில்லை. இணையத்தில் தேடிக் கொடுக்கிறவன் ஒருநாள் அந்த வழியாக வந்தான். திறந்து கிடந்ததால் உள்ளே போய் ஒவ்வொரு பெயராகக் குறித்துக்கொண்டான். அவனுக்கு அதுதான் தொழில். இத்தனை பேரில் கெட்டவன் என்று யாரையும் கைகாட்ட முடியாது. எனக்கு அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

மூன்றாவது வாரம் இசக்கித்தாய் மறுபடி கடைக்கு வந்தாள். கூடவே மகளும் வந்திருந்தாள். சாயங்கால நேரம், கூட்டம் இல்லை. இரண்டு துணிப்பை, அவ்வளவுதான் அவர்கள் கையில்.

"என்னம்மா, டிசி கெடச்சுதா?"

"அவன் வந்துட்டான்க்கா."

எப்சிபா நாற்காலியை இழுத்துப் போட்டாள். இசக்கித்தாய் உட்காரவில்லை.

"நேரா மேட்டுத் தெருவுக்கு வந்துருக்கான். பதினேழாம் நம்பர் வீட்டு வாசல்ல நின்னு கத்திருக்கான். அந்த வீட்டுக்காரரு தையக்காரரு, வயசானவரு. அப்படி யாரும் இங்க இல்லன்னுருக்காரு. இவன் நம்பல, தள்ளிவிட்டுட்டான். அவருக்கு இடுப்பெலும்பு போச்சு. அந்தச் சத்தத்துலதான் எனக்குத் தெரிஞ்சுது. புள்ளைய இழுத்துக்கிட்டுப் பின்வழியா ஓடி வந்துட்டேன். செல்போன எடுத்துத் தெருவுல எல்லாருக்கும் காட்டுனானாம். 'கலெக்டருக்கே மனு குடுத்திருக்கா பாருங்க'ன்னு வரி வரியாப் படிச்சானாம். நான் ஒங்ககிட்ட சொன்ன வார்த்தைக்கா, அப்படியே."

எப்சிபாவுக்குப் பதினேழு என்ற எண்ணில்தான் மனம் போய் நின்றது. கலெக்டர் ஆபீஸுக்குப் போன காகிதத்தில் பதினேழு கிடையாது. அந்த எண் இந்தத் திரையில் மட்டும்தான் இருந்தது, அதுவும் ஐந்தே நிமிஷம்.

தன் போனை எடுத்து இசக்கித்தாயின் பெயரைப் போட்டுத் தேடினாள். இரண்டாவதாக வந்தது. அவளே எழுதிய வாக்கியங்கள். மேலே அந்தத் தமிழ் டைப்பிங் செயலியின் பெயர். கீழே நகர்த்தினாள். மகனைக் காணோம் என்ற மனு இருந்தது, விதவைப் பென்ஷன் இருந்தது. ஏழு வருஷமும் அங்கே கிடந்தது.

உள்ளே வாசலில் காவல்காரன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். அவனிடம் ஒரு குறிப்பு இருந்தது. யார் கேட்டது, எவ்வளவு கேட்டது, யார் திறக்கச் சொன்னது, எல்லாம் அதில் இருந்தது. அதை எடுத்து நீட்ட அவனுக்குக் கை பரபரத்தது. யாரும் அவனிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் இனி என்ன ஆகப்போகிறது என்று நினைத்துக்கொண்டான்.

எப்சிபாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்கவில்லை.

"நான் ஒரு மனுஷன்கிட்டயும் சொல்லலம்மா. சத்தியமாச் சொல்லல. அன்னைக்கு நீ உக்காந்திருக்கும்போது புதுசா ஒண்ணு போட்டேன்ல, அது என்னமோ கேட்டுச்சு. நேரமாச்சேன்னு படிக்காம ஆம்னு அமுக்கிட்டேன். தப்புதான். என் கம்ப்யூட்டர்தானே, என்ன ஆயிரப்போவுதுன்னு நெனச்சுட்டேன்."

இசக்கித்தாய் கோபப்படவில்லை. மகளின் தோளில் கிடந்த பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். அடுத்து எந்த ஊர் என்று எப்சிபா கேட்க வாயெடுத்து, கேட்காமல் நிறுத்திக்கொண்டாள்.

"கம்ப்யூட்டர் ஒங்களதுதான்க்கா," என்றாள் இசக்கித்தாய். "வெலாசம் என்னோடதுல்லா?"