இரண்டாவது கீபோர்டு

பெரியநாயகி அம்மாவின் குரல் போன பிறகும் மடத்துக்குக் கேள்வியோடு ஆட்கள் வருவது நிற்கவில்லை. தொண்டையில் அறுவை சிகிச்சை முடிந்து அவர் திரும்பிய முதல் வெள்ளிக்கிழமையே கூடம் நிறைந்துவிட்டது. அம்மா சிலேட்டில் எழுதிக் காட்டினார். முன்னால் இருந்தவர்கள் படித்தார்கள். பின்னால் இருந்தவர்கள், "என்னவாம்? என்னவாம்?" என்று அடுத்தவர் முதுகைத் தட்டினார்கள். பதில் கடைசி வரிசைக்கு வந்து சேரும்போது வேறொரு பதிலாகியிருந்தது.

நடேசமணிக்கு அது பொறுக்கவில்லை. தொலைபேசித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். அம்மாவைவிட வயதில் மூத்தவர். யாராவது அவரைச் சீடர் என்று சொன்னால் கூச்சப்படுவார். வேறு என்னவென்று சொல்லிக்கொள்வது என்றும் அவருக்குத் தெரியவில்லை.

நாகப்பட்டினம் போய் வயர் இல்லாத கீபோர்டும் மவுசும் வாங்கி வந்தார். உப்புக்காற்றில் எதுவும் நிலைக்காது, ஒன்று போனால் ஒன்று இருக்கட்டும் என்று இரண்டு செட். சுவரில் பெரிய டிவி ஒன்றை மாட்டிக் கம்ப்யூட்டரோடு இணைத்தார். மவுசின் வயிற்றுக்குள் இருந்த நகம் அளவு ரிசீவரை எடுத்துக் கம்ப்யூட்டரின் பின்னால் செருகினார். எந்த செட் தூரத்தில் இருந்தும் வேலை செய்கிறது என்று பார்க்க இரண்டாவதன் ரிசீவரையும் செருகினார். இரண்டும் நன்றாகவே வேலை செய்தன. விசைகளின் மேல் தமிழ் எழுத்து ஒட்டிகளை ஒவ்வொன்றாக ஒட்டினார். இரண்டாவது ரிசீவரைப் பிடுங்க மறந்துபோனார்.

அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா மடியில் கீபோர்டை வைத்துக்கொண்டு ஒற்றை விரலால் தட்டினார். எழுத்துகள் திரையில் பூசணிக்காய் அளவுக்கு வந்து விழுந்தன. கடைசி வரிசைக்காரர்கள் யார் முதுகையும் தட்டவில்லை.

மடத்தில் பழைய வழக்கம் ஒன்று உண்டு. ஒருவருக்கு ஒரு கேள்வி. அம்மாவின் பதில் ஒரு வரிக்கு மேல் போகாது. கேட்டவர் அந்தப் பதிலைத் தன் வாயால் ஒருமுறை சொல்லிவிட்டுத்தான் உட்கார வேண்டும். குரல் போன பிறகும் வழக்கம் மாறவில்லை.

ஒருநாள் நடேசமணி பக்கத்து அறையில் இரண்டாவது கீபோர்டைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். கூடத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தார். திரை முழுக்க 'ககககக' என்று ஓடிக்கொண்டிருந்தது.

"அம்மாவுக்குக் கோவம் வந்துருச்சுடா!" என்றார் ஒரு மீன்காரர்.

அம்மாவும் சிரித்தார்.

அன்றைக்கே ரிசீவரைப் பிடுங்கியிருக்கலாம். பிடுங்கத்தான் போனார். அதற்குள் அம்மா ஏதோ தட்ட ஆரம்பித்தார். ஓர் எழுத்து தவறி விழுந்தது. அதைத் தேடி அழித்துத் திரும்பத் தட்ட அம்மாவுக்கு நெடுநேரம் பிடிக்கும். கேள்வி கேட்ட கிழவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். நடேசமணி தன் கையில் இருந்த கீபோர்டால் அந்த எழுத்தைத் திருத்தினார். கிழவர் படித்துவிட்டு உட்கார்ந்தார். யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

அதன் பிறகு அவர் கடைசி வரிசையில் தூண் ஓரமாக உட்கார்ந்தார். மடியில் கீபோர்டு. மேலே துண்டு. முதலில் எழுத்துகளைத் திருத்தினார். பிறகு பாதிச் சொற்களை முடித்தார். பிறகு வாக்கியங்களை. எத்தனையோ வருடம் கேட்ட குரல். அடுத்த சொல் என்னவென்று அவருக்குத் தெரியும். அம்மாவின் விரல் கொஞ்சம் ஓய்வெடுக்கட்டுமே என்று நினைத்துக்கொண்டார்.

அப்படி இருக்கும்போதுதான் அஞ்சம்மாள் வந்தாள். மீன் விற்கிறவள். அவள் எழுந்து நின்றதும் கூடம் அடங்கியது. எல்லோருக்கும் விஷயம் தெரியும்.

"அம்மா, எம்மவன் கடலுக்குப் போயி ஆறு மாசமாச்சு. போட்டு ஒடஞ்சு பலகை ஒதுங்குச்சு. ஆளு வல்ல. படத்துக்கு மால போடுன்னு ஊரே சொல்லுது. எனக்கு மனசு வல்ல. அவன் வருவானாம்மா?"

அம்மாவின் விரல் அசைந்தது. திரையில் வந்தது: எனக்குத்

விரல் அடுத்த எழுத்தைத் தேடியது.

அடுத்த சொல் நடேசமணிக்குத் தெரியும். அம்மா குரலோடு இருந்த காலத்தில் அதைப் பலரிடம் சொல்லியிருக்கிறார். கேட்டவர்கள் முகம் தொங்கிப் போனதையும் நடேசமணி பார்த்திருக்கிறார். அஞ்சம்மாள் முந்தானையைக் கயிறு மாதிரி முறுக்கிப் பிடித்திருந்தாள். இவளிடமா அந்தச் சொல்?

துண்டுக்கடியில் அவர் கை போனது. திரையில் இருந்த சொல் அழிந்தது. வேறொன்று வந்தது.

வருவான்.

அஞ்சம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. பக்கத்தில் இருந்த பெண் படித்துச் சொன்னாள்.

"வருவான்," என்று அஞ்சம்மாள் உரக்கச் சொன்னாள். பிறகு கூடத்தைத் திரும்பிப் பார்த்து, "கேட்டுக்கிட்டீங்களா எல்லாரும்? வருவானாம்!" என்றாள். ஆறு மாதத்துக்குப் பிறகு அவள் பல் தெரிந்தது.

அம்மா திரையைப் பார்த்தார். அஞ்சம்மாளைப் பார்த்தார். கையை விசைகளில் இருந்து எடுத்துக்கொண்டார்.

அந்த வாரம் நடேசமணி நன்றாகத் தூங்கினார்.

மாதம் ஒன்று போயிருக்கும். ஒல்லியான ஓர் இளம்பெண் எழுந்து நின்றாள்.

"நான் பவளக்கொடி. அஞ்சம்மா மருமவ."

அம்மா தலையசைத்தார்.

"காரைக்கால்ல ஆஸ்பத்திரி வேலைக்குப் படிக்க எடம் கெடச்சிருக்கு. திங்கக்கெழம சேரணும். அத்தைதான் அனுப்புறதா இருந்துச்சு. இங்க வந்துட்டுப் போன அன்னிக்கே எம் பையப் பிரிச்சுப் பொடவைய எல்லாம் எடுத்து மடிச்சு வெச்சிருச்சு. அவன் வர்ற நேரத்துல பொண்டாட்டி வூட்டுல இல்லாட்டி என்ன நெனப்பாங்குது." அவள் ஒரு மூச்சு எடுத்துக்கொண்டாள். "தெனம் சாயங்காலம் அவருக்கு ஒரு தட்டுல சோறு போட்டு மூடி வெக்கிது. காலைல அதுல தண்ணி ஊத்தி நாந்தான் குடிக்கிறேன். நீங்க சொன்னா சரிதாம்மா. எப்ப வருவாருன்னு மட்டும் சொல்லிடுங்க."

அம்மா மடியில் இருந்த கீபோர்டை எடுத்துத் தரையில் வைத்தார்.

திரை வெறுமையாக இருந்தது. ஒரு சின்னக் கோடு மட்டும் ஓரத்தில் மினுக்கிக்கொண்டிருந்தது.

"அம்மா யோசிக்கிறாங்க," என்று ஒருவர் முணுமுணுத்தார்.

"பேட்டரி தீந்திருக்கும்ப்பா."

"மணி சார், பேட்டரியப் பாருங்க!"

தலைகள் பின்னால் திரும்பின.

நடேசமணியின் விரல்கள் துண்டுக்கடியில் இருந்தன. 'போ' என்று தட்டினால் போதும். ஒரே சொல். இந்தப் பெண் திங்கட்கிழமை காரைக்கால் பஸ் ஏறிவிடுவாள். அதுவும் நல்ல சொல்தான். அஞ்சம்மாளுக்குச் சொன்னதும் நல்ல சொல்தான்.

அவர் துண்டை எடுத்தார். கீபோர்டைக் கையில் பிடித்துக்கொண்டு எழுந்தார். வரிசைகளுக்கு நடுவே நடந்து முன்னால் வந்தார். கூடம் முதலில் அவர் கையில் இருந்ததைப் பார்த்தது. பிறகு தரையில் இருந்ததைப் பார்த்தது.

"உங்க மாமியாருக்கு வருவான்னு அடிச்சது அம்மா இல்லம்மா. நான்."

பவளக்கொடி அவர் கையில் இருந்த கீபோர்டைப் பார்த்தாள்.

"நீங்களா? ஒங்களுக்கு எப்புடித் தெரியும்?"

"தெரியாது."

"தெரியாமயா சொன்னீங்க?"

"அவங்க நின்னதப் பாத்தேன். என்னால தாங்க முடியல."

"நீங்க தாங்காததுக்கு நான் பழையது குடிக்கணுமா சார்?"

எங்கோ ஒரு சிரிப்பு கிளம்பிப் பாதியில் நின்றது.

"அப்ப அம்மா என்ன சொல்ல வந்தாங்க?" என்றாள் அவள்.

அம்மா தரையில் இருந்ததை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஒற்றை விரல். ஓர் எழுத்து தவறியது. அழித்தார். மீண்டும் தட்டினார். யாரும் உதவவில்லை.

எனக்குத் தெரியாது.

பவளக்கொடி அதை வாய்விட்டுப் படித்தாள். உட்காரவில்லை. படித்ததையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்.

"ஒங்களுக்கே தெரியாதுன்னா நான் படிக்கப் போலாம்மா. அவரு வந்தா காரைக்காலுக்கு வந்து பாக்கட்டும். வழி தெரியாதவரா?"

வாசல் வரை போனவள் நின்றாள். "அத்தைக்கிட்ட யாரு சொல்றது?"

"நான் வர்றேன்," என்றார் நடேசமணி.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது அஞ்சம்மாள் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். நடேசமணி நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டினால் தேவலை என்றும் இருந்தது. அவள் கஞ்சி கடைசிச் சொட்டு வடியும் வரை பானையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்த்தி வைத்தாள். இரண்டு தட்டில் சோறு போட்டாள். மூன்றாவது தட்டைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். அதிலும் போட்டாள். குழம்பு ஊற்றினாள். அவர் முன்னால் நகர்த்தினாள்.

"சாப்புடுங்க சார்."

அவர் சாப்பிட்டார். அதைவிடக் கடினமான ஒன்றை அவர் செய்ததில்லை.

திங்கட்கிழமை பவளக்கொடியை பஸ் ஏற்றிவிட்டு நடேசமணி நேராக மடத்துக்கு வந்தார். கம்ப்யூட்டரின் பின்னால் இருந்து இரண்டாவது ரிசீவரைப் பிடுங்கினார். அம்மாவின் முன்னால் வைத்தார்.

"நான் பின்னால இருந்து அடிச்சது உங்களுக்குத் தெரியுமாம்மா?"

அம்மா தட்டினார்: முதல் நாளே.

"அன்னிக்கு வருவான்னு அடிச்சப்பவும்?"

அம்மா தலையசைத்தார்.

"அழிக்கிற பொத்தான் உங்ககிட்டயும் இருந்துதே. அழிச்சிருக்கலாமே. ஏம்மா விட்டீங்க?"

அம்மாவின் விரல் ஒவ்வொரு எழுத்தாகத் தேடிப் போனது. நடேசமணி காத்திருந்தார். அடுத்த சொல் என்னவென்று இந்த முறை அவருக்குத் தெரியவில்லை.

'அழிக்கத்தான் விரலைக் கொண்டுபோனேன். அவள் சிரித்தாள். எடுத்துவிட்டேன்.'