தொப்பிமலைக்குப் போன மாமனார் கார்

தொப்பிமலை அடிவாரத்தில் வாகையடிக்குளம் என்று ஓர் ஊர். அந்த ஊரில் சொன்ன சொல்லைத் தட்டாத மூன்று பேர் இருந்தார்கள். கொஞ்சம் தட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் அவர்கள் நல்லவர்கள், அதனால் நான் அவர்களைக் குறை சொல்லப் போவதில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது பூவலிங்கம். வீட்டோடு மாப்பிள்ளை. இரண்டாவது அவன் சேக்காளி சடையப்பன். இவன் யோசிக்கும்போது கண்ணை மூடிக்கொள்வான், அதனால் மற்றவர்களுக்கு அவன்மேல் தனி மரியாதை. மூன்றாவது இன்னாசி. எதிலும் சந்தேகம் கேட்பவன். கேட்ட சந்தேகத்துக்குக் கிடைக்கும் எந்தப் பதிலையும் உடனே நம்பிவிடுவான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவரும் மலையேறிவிட்டு வருவது என்று முடிவு செய்தார்கள். மலை வீட்டிலிருந்து இரண்டே கிலோமீட்டர். ஆனால் நடக்கப் போகிறவன் நடந்தா போவான்? பூவலிங்கம் தலையைச் சொறிந்துகொண்டு மாமனார் தவசிக்கண்ணுவிடம் காரைக் கேட்டான்.

நான்கு வருடமாக அந்தச் சாவி மாமனாரின் இடுப்பை விட்டு இறங்கியதில்லை. அன்றைக்கு என்ன நினைத்தாரோ, எடுத்துக் கொடுத்துவிட்டார்.

“மாப்ள, மெதுவாப் போங்க. அவசரமே கூடாது. சூடாச்சுன்னா நிழல்ல நிறுத்தி ஆற விடுங்க. வெயில்ல மட்டும் போட்ராதீங்க. தனியா விட்டுட்டு எங்கயும் போகாதீங்க. சாயந்தரம் ஆறு மணிக்கு ஒரு கீறல் இல்லாம வண்டி வாசல்ல நிக்கணும். நின்னுச்சுன்னா, வாற வெள்ளிக்கிழம சின்னவ கல்யாணத்துல மாப்பிள்ளை அழைப்புக்கு நீங்கதான் ஓட்டுறீங்க.”

பூவலிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. ஊரே ரெண்டு பக்கமும் நின்று பார்க்க, பூமாலை போட்ட காரை ஓட்டிக்கொண்டு போவது! அதைவிடப் பெரிய ஆசை அவனுக்கு இந்த ஜென்மத்தில் வேறு கிடையாது.

அவசரம் கூடாது என்று சொல்லியிருந்ததால் முதல் கியரை மாற்றவே இல்லை. மேடேறும் நேர்ச்சாலையில் வண்டி கதறிக்கொண்டே போனது. சாலை முடிகிற இடத்தில், மலைப்பாதை தொடங்கும் மைதானத்தில், முன்பக்கத்திலிருந்து குபுகுபுவென்று ஆவி கிளம்பி வண்டி நின்றுவிட்டது.

“சூடாயிட்டுல,” என்றான் பூவலிங்கம்.

“பயப்படாத. நிழல்ல நிறுத்தணும்னுதான மாமா சொன்னாரு,” என்றான் சடையப்பன்.

மைதானத்தில் ஒரே ஒரு புளியமரம். அதன் நிழலுக்குக் காரைத் தள்ளிக்கொண்டு போய் நிறுத்திவிட்டு, வியர்வையைத் துடைத்து, இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். கடைசி இட்லி இறங்குவதற்குள் காரின் பின்பக்கத்தில் வெயில் விழுந்தது.

“ஏல, வண்டி நகர்ந்திருக்கு,” என்றான் இன்னாசி.

சடையப்பன் கண்ணை மூடினான். வெகுநேரம் கழித்துத் திறந்தான். “வண்டி நகரல. நிழலு போகுது. நாமளும் கூடப் போகவேண்டியதுதான்.”

தள்ளினார்கள். சற்று நேரத்தில் மறுபடி தள்ளினார்கள். இப்படியே மரத்தைக் கால் சுற்று சுற்றியபிறகு, ஆறிவிட்டதா என்று பார்க்கத் தோன்றியது. சடையப்பன் குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல ஒரு கையைப் பானெட்டிலும் இன்னொரு கையைத் தன் நெற்றியிலும் வைத்துப் பார்த்தான்.

“ரெண்டும் ஒரே சூடுதான். அப்ப வண்டிக்கு ஒண்ணுமில்ல.”

“இல்ல, உனக்குக் காய்ச்சலா இருந்தா?” என்றான் இன்னாசி. அதுவும் நியாயமாகப் பட்டது. ஆகவே டவுன் மெக்கானிக் செல்லக்கனிக்குப் போன் போட்டார்கள்.

“இன்னைக்கு வர முடியாதுவே. ரேடியேட்டர்ல தண்ணி வத்திருக்கும். மூடியத் தொறந்து தண்ணி ஊத்துங்க. சகதித் தண்ணிய ஊத்திராதீங்க. நாம குடிக்கிற தண்ணியா இருக்கணும்,” என்று சொல்லி வைத்துவிட்டார்.

பத்தடி தூரத்தில் கண்ணாடி மாதிரி ஓடை ஓடிக்கொண்டிருந்தது. அங்கே மாடத்தி என்கிற ஆட்டுக்காரப் பெண் தன் ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள்.

“இந்தா கெடக்கே தண்ணி. மோந்து ஊத்துங்களேன்யா,” என்றாள்.

“அக்கா, அது ஆடு குடிக்கிற தண்ணி,” என்றான் சடையப்பன் பொறுமையாக. “எங்களுக்கு வேண்டியது நாங்க குடிக்கிற தண்ணி.”

“நானும் இதத்தான குடிக்கேன்!”

“நீங்க குடிக்கிறீங்க. நாங்க குடிக்கலையே.”

மாடத்தி அவனை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு ஆடுகளிடமே பேசப் போய்விட்டாள்.

மலை உச்சிக்குப் பக்கத்தில் ஒரு சுனை உண்டு. கல்யாண வீட்டுக்கெல்லாம் அந்தத் தண்ணீரைத்தான் எடுப்பார்கள். சடையப்பனும் இன்னாசியும் ஒரு பெரிய பாட்டிலோடு மலையேறினார்கள். காரைத் தனியாக விடக் கூடாதென்று பூவலிங்கம் காவலுக்கு நின்றான்.

அவர்கள் போனதும் நிழலும் போனது. ஒற்றை ஆளாக வண்டியைத் தள்ள முடியவில்லை. மாமனார் முகம் கண்முன் வந்தது. மனிதனுடைய நிழலும் நிழல்தானே என்று அவனுக்குத் தோன்றியது. சட்டையைக் கழற்றிக் கைகளை அகல விரித்து, வெயிலுக்கும் காருக்கும் நடுவில் நின்றுகொண்டான். கதவில் ஒரு முழம் அளவுக்கு நிழல் விழுந்தது. பாக்கி இடத்துக்கும் கிடைக்கட்டும் என்று முன்னும் பின்னும் ஓடிக்கொண்டே இருந்தான். காருக்குப் பொழுது போகட்டுமே என்று ரேடியோவையும் போட்டுவிட்டான்.

மதியம் இருவரும் திரும்பி வந்தார்கள். பாட்டில் காலி.

“தண்ணி எங்கல?”

“குடிக்கிற தண்ணியான்னு பாக்கணும்லா,” என்றான் இன்னாசி. “சுனையில குடிச்சுப் பாத்தோம், நல்லா இருந்துச்சு. பாதி வழியில கெட்டுப் போயிருக்குமோன்னு சந்தேகம். குடிச்சுப் பாத்தோம், நல்லாத்தான் இருந்துச்சு. பாறைக்கிட்ட வரும்போது இன்னொரு சந்தேகம்.”

“கடைசிச் சொட்டு வரைக்கும் நல்ல தண்ணி,” என்று சடையப்பன் உறுதி கொடுத்தான்.

பூவலிங்கத்துக்கு அழுகை வந்தது. மணி ஒன்றரை. வெள்ளிக்கிழமையும் பூமாலையும் கையைவிட்டுப் போய்க்கொண்டிருந்தன. “வழியில யாரும் வாயில வைக்கப்படாது. இங்க வந்து ஒரே ஒருவாட்டி பாத்தாப் போதும்,” என்று கெஞ்சி மறுபடி அனுப்பினான்.

போனார்கள். நான்கரைக்குத் தளும்பத் தளும்பப் பாட்டிலோடு வந்தார்கள். உதடு காய்ந்திருந்தது, ஒரு சொட்டு குடிக்கவில்லை. வண்டி யார் பொறுப்பில் இருக்கிறதோ அவன்தான் சோதிக்க வேண்டும் என்று பேசி, பாட்டிலைப் பூவலிங்கத்திடம் நீட்டினார்கள். காலையிலிருந்து வெயிலில் நிழலாக நின்றவன். வாயில் வைத்தவன் எடுக்கவில்லை. பாட்டிலைக் கவிழ்த்துக் காட்டிவிட்டு, “அருமையான தண்ணி,” என்றான்.

இனி யார் போவது என்று மூவரும் மும்முரமாகப் பேசிக்கொண்டிருந்தபோது, மாடத்தி குடமும் கையுமாக விறுவிறுவென்று வந்தாள். மூடியைத் திறந்தாள். ஓடைத் தண்ணீரைக் குடத்தோடு சாய்த்தாள். மூடியைத் திருகினாள். “இந்தப் பாட்டக் கேட்டுக் கேட்டு என் ஆடு ஒண்ணுகூட மேய மாட்டேங்குது. கெளம்புங்கய்யா!” என்று சொல்லிவிட்டு, ஆடுகளை ஓட்டிக்கொண்டு இறங்கிப் போனாள்.

பூவலிங்கம் சாவியைத் திருப்பினான். டிக்கென்றது. அதோடு சரி. நாள் முழுக்க ரேடியோ பாடியதில் பேட்டரி இறங்கிவிட்டது. மறுபடி செல்லக்கனிக்குப் போன்.

“தள்ளித்தான்வே ஸ்டார்ட் பண்ணணும். எல்லாரும் எறங்கித் தள்ளுங்க,” என்றார் அவர். அவர் குரலில் களைப்பு தெரிந்தது.

வண்டியை வீட்டைப் பார்த்துத் திருப்பி, சாலையின் விளிம்புக்குக் கொண்டுவந்தார்கள். பூவலிங்கம் உள்ளே உட்காரப் போனான்.

“எல்லாரும் எறங்கணும்னாரே, நீ மட்டும் என்ன ஒசத்தியா?” என்று இன்னாசி கேட்டான்.

அதுவும் சரிதான் என்று பூவலிங்கம் இறங்கினான். வண்டி கியரில் இல்லை, பிரேக்கும் போடவில்லை. மூவரும் மூச்சைப் பிடித்து ஒரு தள்ளு தள்ளினார்கள்.

கார் நகர்ந்தது. பிறகு நடந்தது. பிறகு ஓடியது.

“நல்லாப் போகுதுல!” என்று சடையப்பன் கைதட்டினான்.

“யாரு ஓட்டுறா?” என்று இன்னாசி கேட்டான். மூவரும் பின்னாலேயே ஓடினார்கள்.

சாலை வளைவில்லாமல் நேராக இறங்கி, தவசிக்கண்ணு வீட்டு வாசலில்தான் போய் முடியும். வாசலில் கல்யாண வேலைக்கு இறக்கிய ஆற்றுமணல் குவிந்து கிடந்தது. அதன் பக்கத்தில் தவசிக்கண்ணு கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றிருந்தார். வண்டி வருவது தெரிந்ததும் அவர் முகம் மலர்ந்தது. மாப்பிள்ளை ஒருவழியாக உருப்பட்டுவிட்டார் என்று வாய்விட்டே சொன்னார். கார் வந்து, மணலில் மெத்தென்று முகத்தைச் செருகி, ஒரு கீறல் இல்லாமல் நின்றது.

அவர் போய் டிரைவர் கதவைத் திறந்தார். யாருமில்லை. பின் கதவைத் திறந்தார். யாருமில்லை. குனிந்து அடியிலும் பார்த்தார். பிறகு மணல்மேல் உட்கார்ந்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் மூன்று பேரும் நாக்குத் தள்ள ஓடிவந்து சேர்ந்தார்கள். பூவலிங்கம் மாமனாரின் கையைப் பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்தான். ஆறடிக்க இரண்டு நிமிடம்.

“மாமா,” என்றான். சந்தோஷத்தில் பல்லெல்லாம் தெரிந்தது. “சொன்ன நேரத்துக்கு வந்துட்டு. ஒரு கீறல் கெடையாது. வெள்ளிக்கிழம நான்தான ஓட்டுறேன்?”

தவசிக்கண்ணு மணலைத் தட்டிவிட்டு எழுந்தார். கொடுத்த வாக்கை மீறுகிற மனிதர் அல்ல அவர். மெல்லத் தலையை ஆட்டினார்.

அப்போதுதான் சடையப்பன் கண்ணை மூடினான். எல்லோரும் காத்திருந்தார்கள். திறந்தான்.

“பூவலிங்கம், ஒண்ணு யோசிச்சியால? வண்டி இவ்வளவு தெளிவாத் தானா வருது. அப்புறம் நீ எதுக்குக் கல்யாணத்தன்னைக்குப் போயிக் கையி வலிக்க ஓட்டணும்?”

பூவலிங்கம் காரைப் பார்த்தான். மாமனாரைப் பார்த்தான். நாலு வருட ஆசை. நன்றாக யோசித்தான்.

“அதுவும் சரிதான். மாமா, அப்ப வெள்ளிக்கிழம நான் பின்னால மாப்பிள்ளை பக்கத்துல உக்காந்துக்கிடுதேன்,” என்றான். “ஆனா ஜன்னலோரம் எனக்குத்தான்.”