தாசையனின் சிலுவைப் பலகை

ஒரு கண்டிஷன். கதை நடுவே "நானாக இருந்தால்" என்று யாரும் வாயைத் திறக்கக் கூடாது. கேள்வியை நானே கேட்பேன். அப்போது பார்க்கலாம் உங்கள் சாமர்த்தியத்தை.

நாகர்கோவிலில் பெல்சி என்று ஒரு பெண். கச்சேரிக் குழுவில் எலெக்ட்ரிக் கிட்டார் வாசித்து அம்மாவையும் தம்பியையும் காப்பாற்றுகிறவள். குழுவின் வேன் கதவில் நசுங்கி அவளுடைய இடது கையில் இரண்டு விரல்கள் போயின. வேறொருத்தி என்றால் அத்தோடு மூலையில் உட்கார்ந்திருப்பாள். இவள் கையை மாற்றினாள். தந்தியை அழுத்த வலது கை, மீட்ட இடது கை. பழகியதையெல்லாம் மறந்து அரிச்சுவடியிலிருந்து ஆரம்பித்தாள். குழுத் தலைவர் ஒன்றைச் சொல்லிவிட்டார்.

"கிறிஸ்துமஸ் சீசனுக்கு மேடையேறிட்டா இடம் உனக்கு. இல்லேன்னா வேற ஆளு போட்டுருவேன், மக்ளே. கோவிச்சுக்காதே."

இடக்கைக் கிட்டார் கடையில் கிடைக்குமா? கிடைக்காது. வெளிநாட்டுக்கு ஆர்டர் போட்டால் கிறிஸ்துமஸ் போய் ஈஸ்டருக்கு வந்து சேரும். கிட்டார் செய்கிற ரஸல்ராஜிடம் போனாள். செய்து தருகிறேன் என்று அவனும் வாக்குக் கொடுத்துவிட்டான். உடம்புக்குப் பலா மரம் கிடைத்தது. ஒலி வாங்கும் காந்தத்துக்கு, மோட்டார் காயில் கட்டுகிற கடையில் கெஞ்சிக் கூத்தாடி முடி மாதிரியான செம்புக் கம்பியைச் சுற்றி வாங்கினான். தந்தியை இறுக்குகிற முறுக்காணிகளை, கழுத்து முறிந்த ஒரு பழைய கிட்டாரிலிருந்து கழற்றினான். எல்லாம் சேர்ந்தது, விரல் ஓடுகிற நீளக் கழுத்து மட்டும் சேரவில்லை. தந்திகள் இழுக்கிற இழுப்பை முழுக்கத் தாங்குவது அந்தக் கழுத்துதான், அதற்கு மரம் நன்றாக உலர்ந்திருக்க வேண்டும். அதுவோ அடைமழைக் காலம். மரக்கடை மரக்கடையாக ஏறி இறங்கி அவன் செய்த இரண்டு கழுத்துகளும் முறுக்கிக்கொண்டன. இரண்டாவதும் கோணிப்போனபோது பெல்சி பட்டறைத் தரையிலேயே உட்கார்ந்து அழுதாள்.

கடைசியில், சவப்பெட்டி செய்கிற ஏசுவடியானின் கடைப் பரணில் ரஸல் ஒரு பலகையைப் பார்த்தான். இரண்டேகால் அடி நீளம், தடித்த மகோகனி, நூல் பிடித்தது போல நேரான ரேகை.

"அதத் தொடாதே," என்றார் ஏசுவடியான். "தாசையனுக்குச் சொன்னது."

தாசையனின் மனைவி வீட்டு வாசலில் நட்ட மரம் அது. புயலில் சாய்ந்ததை அறுத்துக் காய வைத்திருந்தார்கள். அவள் இறந்தபோது பெட்டி அந்த மரத்தில்தான். மிஞ்சியது இந்த ஒரு துண்டு. தன் பெட்டி மூடியில் வைக்கும் சிலுவையை இதில்தான் செய்ய வேண்டும் என்று தாசையன் ஏசுவடியானிடம் கையடித்து வாக்கு வாங்கியிருந்தார். இப்போது அவர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்.

ரஸல் ஓடினான். வார்டு வாசலில் நின்று எட்டிப் பார்த்தான். தாசையன் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். உப்பு பத்தவில்லை என்று நர்ஸிடம் மெல்லிய குரலில் சொன்னார். சாகக் கிடக்கிறவரிடம் போய், உங்கள் பெட்டிக்கு வைத்திருக்கிற பலகையைத் தாருங்கள் என்று எந்த வாயால் கேட்பது? அவன் உள்ளே போகவில்லை. வராந்தாவில் நின்ற மகள் லில்லிபாயிடம் கேட்டான்.

"கொண்டு போங்கண்ணே. அந்தப் பலக அங்க காத்துக் கெடக்கதாலதான் அப்பா எழும்ப மாட்டேங்காவ. அது போனாத்தான் வீட்டுக்கு வருவாவ."

"அப்பாட்ட ஒரு வார்த்தை..."

"வேண்டாம். நான் சொல்லுகேன்லா."

ரஸல் திரும்பி வந்து விஷயத்தைச் சொன்னதும் ஏசுவடியான் பலகையை இறக்கிக் கொடுத்தார். "மக சொன்னா கொண்டு போ. எனக்க கையால அறுக்க மாட்டேன்," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பலகை முழுக்க ஒரு கழுத்துக்கே சரியாகப் போயிற்று, மிஞ்சியது வெறும் சீவல்தான். இந்தக் கழுத்து கோணவில்லை. நாலு திருகாணி போட்டு உடம்போடு பூட்டினான். பெல்சி தந்தி மாட்டி வாசித்தாள். வாசிக்க வாசிக்க, போன உயிர் திரும்பி வந்தது போல இருந்தது அவளுக்கு. மறுநாள் மேடை. அவள் வாசித்துப் பார்த்த அன்றைக்கே, சாயங்காலம் தாசையன் இறந்துபோனார்.

லில்லிபாய் அழுத முகத்தோடு பட்டறைக்கு வந்தாள். "அப்பா பொழைக்கட்டும்னுதான் தந்தேன். பொழைக்கல்ல. திருப்பித் தாங்க. சிலுவையா ஆகாட்டாலும் போகட்டு, அப்பா நெஞ்சுல வச்சு அனுப்புகேன்."

பெல்சி கிட்டாரை மார்போடு அணைத்துக்கொண்டாள். "அக்கா, இது போனா எனக்கு வேற வழியே இல்ல. எங்க வீட்டுல அடுப்பு எரியாது."

ரஸல் இருவரையும் பார்த்துக்கொண்டு ஸ்குரூ டிரைவரும் கையுமாக நின்றான். கழற்றினால் பெல்சிக்குக் கொடுத்த வாக்கு போயிற்று. கழற்றாவிட்டால் அங்கே அந்த மரத்தில் ஒரு துண்டுகூட இல்லாத பெட்டி.

சரி, இப்போது வாயைத் திறக்கலாம். கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிற லில்லிபாய், வாங்கியதை விட முடியாத பெல்சி, மண்ணுக்குள் போகிற தாசையன். இந்த மூவரில் அந்தக் கழுத்து யாருக்குச் சொந்தம்?

விடை: தாசையனுக்கு. லில்லிபாய் கேட்டதற்காக அல்ல. தனக்குச் சொந்தமில்லாததைக் கொடுத்தவளுக்கு அதைத் திருப்பிக் கேட்கவும் பாத்தியதை கிடையாது. கொடுக்க உரிமையுள்ள ஒரே மனுஷன் நல்ல நினைவோடு கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார், சொல்கிறேன் என்ற மகள் உட்பட அவரிடம் ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சந்தோஷமாகக் கொடுத்திருப்பாரோ என்னவோ. அது இனி யாருக்கும் தெரியப் போவதில்லை, தெரியாதவரை அது அவர் பொருள்தான். செத்தவருக்கு மரம் எதற்கு என்று முணுமுணுக்க வேண்டாம். இந்த விடையை முதலில் சொன்னது நான் அல்ல, பெல்சி. "அப்பாக்கு நினைவு இருந்துச்சா அக்கா?" என்று அவள் கேட்டாள். லில்லிபாய் ஆமாம் என்று தலையாட்டினாள். "அப்போ அப்பாட்டல்லா கேட்டிருக்கணும்," என்ற பெல்சி ரஸலின் கையிலிருந்து ஸ்குரூ டிரைவரை வாங்கி, நாலு திருகாணியையும் தானே கழற்றினாள். மறுநாள் மேடையில் அவள் இடத்தில் வேறொருவன் நின்று வாசித்தான். விடை சரிதான். ஆனாலும் அதைச் சொல்ல எனக்கே பிடிக்கவில்லை.