பெட்டகத்துக்குள் ஒரு பாஸ்போர்ட்

சென்னைத் துறைமுகத்தில் ஒரு நாள் காலை, கப்பலேறும் வரிசையில் ஒரு பாஸ்போர்ட் நின்றுகொண்டிருந்தது. நின்றது என்றால், கோகிலவாணியின் கையில் இருந்தது. அவள் கை வியர்த்து அதன் நீல மேலட்டையும் ஈரமாகியிருந்தது.

அதற்கு வயது நான்கு மாதம். கோகிலவாணியின் வீட்டில் அதற்கு முன் யாருக்கும் பாஸ்போர்ட் இருந்ததில்லை. அவளுக்கு முன் யாருக்கும் பட்டமும் இருந்ததில்லை. விசாரிக்கப் போலீஸ்காரர் வந்த அன்று, அந்தப் பிள்ளை என்ன செய்துவிட்டது என்று தெருவே கூடிக் கேட்டது. தபாலில் வந்த பிறகு அதை பீரோவில் பட்டுப்புடவை மடிப்புக்குள் வைத்திருந்தார்கள். அதனால் தனக்கு ஏதோ பெரிய வேலை காத்திருக்கிறது என்று பாஸ்போர்ட் நம்பிக்கொண்டிருந்தது.

கோகிலவாணி தண்ணீர் சுத்தம் செய்யும் கருவி விற்கும் கம்பெனியில் இருந்தாள். அந்த வருடம் அதிகம் விற்ற பன்னிரண்டு பேரைக் கம்பெனி கப்பலில் இலங்கைக்கு அனுப்பியது. பதினோரு பேர் சேலம் அலுவலகத்துக்காரர்கள். ஒருவரை ஒருவர் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்குப் பழக்கம். கோகிலவாணி மட்டும் ஓமலூர்க் கிளை. அவளுக்கு இன்னும் பட்டப்பெயர் கிடைக்கவில்லை.

சோதனை வாசலில் பைகளை விழுங்கித் துப்பும் இயந்திரம் ஒன்று இருந்தது. பக்கத்தில், ஆட்கள் நுழைந்து போகும் வளைவு. பதினோரு பேர் போகும்வரை வளைவு வாய் திறக்கவில்லை. கோகிலவாணி நுழைந்ததும் கத்தியது. வளையலில் கோத்திருந்த ஊக்குகளைக் கழற்றச் சொன்னார்கள். மறுபடியும் கத்தியது. துப்பட்டாவில் இரண்டு, இடுப்பில் ஒன்று. மொத்தம் ஏழு ஊக்குகள் ஒரு பிளாஸ்டிக் தட்டில் சேர்ந்தன. காவல்கார அம்மாள் சிரித்துக்கொண்டே, கடை வைக்கப் போகிறாயா என்று கேட்டாள். எல்லாவற்றையும் திரும்ப மாட்டிக்கொண்டு நிமிர்ந்தபோது முன்னால் யாரும் இல்லை.

“கூட வந்தவர்கள் நிற்கவில்லையா?” என்று பாஸ்போர்ட் வளைவைக் கேட்டது. பொருள்கள் பேசிக்கொள்வது மனிதர் காதில் விழாது.

“இரும்பு இருந்தால் கத்துவேன்” என்றது வளைவு. “யார் நிற்கிறார்கள், யார் போய்விட்டார்கள் என்று பார்க்க என்னை வைக்கவில்லை.”

குடியேற்ற அதிகாரி பாஸ்போர்ட்டின் வெற்றுப் பக்கம் ஒன்றில் முத்திரை குத்தினார். வாழ்க்கையின் முதல் முத்திரை. இந்த நாட்டை விட்டுப் போனாள் என்பதற்கு அது சாட்சி. திரும்பி வந்தாள் என்பதற்கு இன்னொன்று விழ வேண்டும். அது விழும்வரை தன் வேலை முடியாது என்று பாஸ்போர்ட் நினைத்துக்கொண்டது.

அடுத்த மேசையில் ஒரு பெண் கோகிலவாணியைச் சிரிக்கச் சொல்லிப் படம் எடுத்தாள். சின்னப் பெட்டி ஒன்று சூடாக ஒரு பிளாஸ்டிக் அட்டையைத் துப்பியது. அறைக் கதவைத் திறக்க, சாப்பாட்டுக் கூடத்தில் காட்ட, துறைமுகங்களில் இறங்கி ஏற, எல்லாவற்றுக்கும் அதுதான்.

பிறந்து ஒரு நிமிடம் ஆகவில்லை, அட்டை பேச ஆரம்பித்துவிட்டது. “என்ன அண்ணே, இவ்வளவு கனமாக இருக்கிறீர்கள்? முப்பத்தாறு பக்கம், அதில் முப்பத்துச் சொச்சம் காலி. என்னைப் பாருங்கள், ஒரே பக்கம். ஒரு ‘பீப்’. வேலை முடிந்தது. இனி கப்பலைப் பொறுத்தவரை கோகிலவாணி என்றால் நான்தான்.”

அட்டை சொன்னது உண்மை என்று சாயங்காலத்துக்குள் தெரிந்துவிட்டது. அறைக்குள் போனதும் கோகிலவாணி அலமாரியில் இருந்த சின்ன இரும்புப் பெட்டகத்தைத் திறந்து பாஸ்போர்ட்டை உள்ளே வைத்தாள். நான்கு எண்களை அழுத்தினாள். சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று மூன்று முறை இழுத்துப் பார்த்தாள்.

பெட்டகம் அனுபவசாலி. “பயப்படாதே தம்பி” என்றது. “இங்கே வருகிறவர்கள் எல்லாம் இப்படித்தான். ஐந்து நாள் இருட்டு. பிறகு வீட்டுக்குப் போய்விடுவாய். என்னைவிடப் பத்திரமான இடம் கப்பலில் கிடையாது.”

அட்டை சாயங்காலந்தோறும் அறைக்கு வந்து, பெட்டகத்தின் கதவுப்பக்கம் மேசைமேல் படுத்துக்கொண்டு கதை அளக்கும். நீச்சல் குளம் பார்த்ததாம். ஒன்பது வகை இனிப்பு பார்த்ததாம். மேல்தளத்தில் ஆட்டம் பாட்டம்.

“எங்களுக்கு மட்டும் சன்னலோரம் தனி மேசை அண்ணே” என்றது ஒரு நாள். “அவளும் நானும்தான். அந்தப் பதினோரு பேர் மேசையில் ஒரே கூச்சல். எங்களைத் தொந்தரவு செய்ய ஒரு ஆள் இல்லை. சாப்பிட்டு முடித்துவிட்டு ஒரு மணி நேரம் கடலையே பார்த்துக்கொண்டிருந்தோம். ராஜமரியாதை.”

பாஸ்போர்ட்டுக்கு அந்த மரியாதை என்னவென்று புரிந்தது. அட்டைக்குப் புரியவில்லை. சொல்லிப் புரியவைக்கும் மனது பாஸ்போர்ட்டுக்கு வரவில்லை.

மூன்றாம் நாள் கப்பல் திருகோணமலைக்கு வந்தது. காலையில் இறங்கிச் சுற்றிப் பார்த்துவிட்டு மாலை நாலு மணிக்குள் ஏறிவிட வேண்டும். அப்படி இறங்கி ஏறுகிறவர்களுக்கு அட்டை போதும், பாஸ்போர்ட் வேண்டாம் என்று ஒலிபெருக்கி சொன்னது. அந்தப் பதினோரு பேரில், அதே அறையில் தங்கியிருந்த ஷர்மிளா கண்ணாடி முன் பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, என் சுடிதார்ல பாக்கெட் இல்ல. இந்தக் கார்டை உங்க பையில வச்சுக்கறீங்களா?” என்று கோகிலவாணி கேட்டாள்.

“போடு போடு” என்றாள் ஷர்மிளா.

பெட்டகத்துக்குள் பாஸ்போர்ட் அதைக் கேட்டுக்கொண்டிருந்தது. கதவு சாத்தப்பட்டது. அன்று முழுவதும் சத்தம் இல்லை.

மாலை நாலு மணிக்குக் கதவு திறந்தது. ஷர்மிளா கைப்பையைக் கவிழ்த்து, அட்டையை மேசைமேல் எறிந்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனாள்.

“வந்துவிட்டேன்” என்றது அட்டை.

“அவள்?” என்றது பாஸ்போர்ட்.

“வந்திருப்பாள். கோயிலில் இருந்து கிளம்பும்போது வேனில் தலை எண்ணினார்கள். பன்னிரண்டு. சரியாக இருந்தது.” அட்டை கொஞ்சம் யோசித்தது. “ஆனால், போகும்போது டிரைவர் பக்கத்தில் இருந்த வழிகாட்டி, வரும்போது பின்னால் உட்கார்ந்து பாடிக்கொண்டு வந்தார். அவரையும் சேர்த்து எண்ணிவிட்டார்களோ என்னவோ. கடைசியாக அவள் குரலைக் கழிப்பறை வரிசையில்தான் பைக்குள் இருந்து கேட்டேன்.”

கோகிலவாணி இல்லை என்பதை முதலில் கண்டுபிடித்தது கூட வந்தவர்கள் அல்ல. கப்பல் வாசலில் இருந்த இயந்திரம். போன அத்தனை பேரிலிருந்து வந்த அத்தனை பேரையும் கழித்துப் பார்த்து, ஒன்று குறைகிறது என்று அது சிவப்பு விளக்கைப் போட்டது. ஒலிபெருக்கி அவள் பெயரை மூன்று முறை வாசித்தது. மூன்று முறையும் தப்பாக வாசித்தது.

“நான் இங்கேதானே இருக்கிறேன்” என்று அட்டை மேசைமேல் இருந்து கத்தியது. “கோகிலவாணி என்றால் நான்தானே. ஏன் சிவப்பு?” இயந்திரம் அதைப் பொருட்படுத்தவில்லை. ஆள் இல்லாமல் வந்த அட்டை அதன் கணக்கில் பிளாஸ்டிக்.

வெள்ளைச் சீருடையில் இரண்டு பேர் அறைக்கு வந்தார்கள். ஷர்மிளாவை அழைத்து விசாரித்தார்கள். பின் சீட்டில் இருப்பாள் என்று நினைத்ததாக அவள் சொன்னாள். “எப்பவும் தனியாத்தான் சார் இருப்பா. அதனால தெரியல” என்றாள். அவள் முகம் வெளுத்திருந்தது. கப்பல் இன்னும் அரை மணி நேரம் நிற்கும், அதற்கு மேல் துறைமுகத்தில் இடம் இல்லை என்று அதிகாரி சொன்னார். ஒருவர் வராவிட்டால் அவருடைய பாஸ்போர்ட்டை எடுத்துக் கரையில் கப்பல் முகவரிடம் கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். அது இருந்தால்தான் அவர் ஊர் போய்ச் சேர முடியும். இல்லாவிட்டால் அந்நிய நாட்டில், யார் என்று சொல்லக்கூட ஒரு காகிதம் இல்லாமல் நிற்க வேண்டும்.

பெட்டகம் தாழ்ந்த குரலில் பேசியது. “தம்பி, அவர்கள் கையில் மாற்று எண் இருக்கிறது. ஆனால் என் தாழ்ப்பாள் பழசு. நான் நினைத்தால் சிக்கிக்கொள்ளும். அரை மணி நேரத்துக்குள் உடைக்க முடியாது. நீ பத்திரமாகச் சென்னை போவாய். திறந்தால் உன்னை முன்பின் தெரியாத கரையில் இறக்கிவிடுவார்கள். அவள் வராமலே போனால் ஏதோ ஒரு அலுவலக மேசைக்குள் கிடந்து மட்கிப்போவாய். உன்னைத் தேடி யார் வருவார்?”

“இங்கேயே இரு அண்ணே” என்றது அட்டை. இப்போது அதன் குரலில் பழைய துள்ளல் இல்லை. “எனக்கும் பேச்சுத்துணை வேண்டும்.”

பாஸ்போர்ட் இருட்டில் கொஞ்ச நேரம் யோசித்தது. பயமாகத்தான் இருந்தது. மூன்று நாளாக அவள் தன்னை ஒரு முறை கூடத் திறந்து பார்க்கவில்லை என்பதும் நினைவுக்கு வந்தது.

“திறந்துவிடுங்கள்” என்றது.

சரியாக ஐந்து மணிக்குக் கப்பல் கிளம்பியது. ஒரு பழுப்பு உறைக்குள், முகவர் அலுவலகத்துக் குமாஸ்தா சிவபாதத்தின் கக்கத்தில் இருந்தபடி, கப்பல் சின்னதாவதைப் பாஸ்போர்ட் பார்த்தது. உறையில் கண்ணாடித்தாள் ஒட்டிய சின்னச் சன்னல் இருந்தது.

சிவபாதம் ஆறு மணிவரை துறைமுக வாசலில் இருப்பார். அதற்குப் பிறகு வாசலைப் பூட்டிவிடுவார்கள். உறை அலுவலக மேசைக்குள் போகும், விஷயம் போலீசுக்குப் போகும். வாசல் காவலாளி றிஸ்வானிடம் அவர் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். கப்பலை விட்டவர்களை அவர் முன்பும் பார்த்திருக்கிறார். தொப்பியும் கேமராவுமாக ஓடி வருவார்கள், வந்ததும் சண்டை பிடிப்பார்கள். அப்படி ஒருத்தரையும் இன்றைக்குக் காணவில்லை.

ஐந்தரை ஆனது. ஐந்தே முக்கால் ஆனது. சன்னல் வழியே பாஸ்போர்ட் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தது. சாலைக்கு அந்தப் பக்கம் பேருந்து நிறுத்தத்தில் நாலைந்து பேர் நின்றார்கள். ஒரு பேருந்து வந்தது, அவர்கள் ஏறிப் போனார்கள். ஒருத்தி ஏறவில்லை. துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு, கம்பிவேலிக்கு உள்ளே வெறுமையாகக் கிடந்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கோகிலவாணிதான்.

பாஸ்போர்ட்டுக்கு உயிர் வந்தது. ஆனால் கோயிலில் இருந்து அவ்வளவு தூரம் நடந்து வந்தவள் சாலையைத் தாண்டவில்லை. வாசலில் சீருடைக்காரர் ஒருவர் நின்றார். கையில் அட்டை இல்லை, பாஸ்போர்ட் இல்லை, உள்ளூர்க் காசு இல்லை, இந்த நாட்டில் எடுக்கிற போனும் இல்லை. ஒன்றும் இல்லாமல் போய் நின்றால் பிடித்து உள்ளே போட்டுவிடுவார்கள் என்று அவள் நினைத்தாள். எந்த அலுவலகத்துக்கும் அசலும் நகலும் எடுத்துக்கொண்டு போய்ப் பழகியவள் அவள். வெறுங்கையோடு ஒரு வாசலில் போய்ப் பேச அவளுக்குத் தெரியாது. இரண்டடி முன்னால் வைத்தாள். றிஸ்வான் திரும்பிப் பார்த்ததும் மூன்றடி பின்னால் போனாள். பேருந்துக்கு நிற்கிற பிள்ளை என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஆறு மணி ஆயிற்று. சிவபாதம் உறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, றிஸ்வானோடு சேர்ந்து வாசலைப் பூட்டக் குனிந்தார். சாலைக்கு அந்தப் பக்கம் கோகிலவாணி திரும்பி நடக்க ஆரம்பித்தாள், எங்கே என்று தெரியாமலே.

கீழே விழுவதைத் தவிர, ஒரு பாஸ்போர்ட்டால் சொந்தமாகச் செய்யக்கூடியது வேறொன்றும் இல்லை. அது விழுந்தது.

ஒட்டாத உறையில் இருந்து வழுக்கி, தார்ச் சாலையில் மல்லாந்து, படம் இருந்த பக்கம் மேலே வரும்படித் திறந்து கிடந்தது. றிஸ்வான் அதை எடுத்துத் தூசி தட்டினார். சிரிக்கக் கூடாது என்று சொல்லி எடுத்த படம். வெள்ளைத் திரைக்கு முன்னால், அடுத்து என்ன கேட்பார்களோ என்று மிரண்டு நிற்கிற முகம்.

“என்ன சிவபாதம் அண்ணே, ஜெயிலுக்குப் போற பிள்ளை மாதிரி முழிக்குது” என்றவர், சட்டென்று நிறுத்திவிட்டுச் சாலையைப் பார்த்தார். “இந்த முழியை இப்பதானே பாத்தனான்.”

இரண்டு கையையும் வாயில் குவித்துக் கூப்பிட்டார். “பிள்ளை! ஓய் பிள்ளை! நில்லுங்க!”

கோகிலவாணி ஓடப் பார்த்தாள். பிறகு அவர் கையில் உயர்த்திப் பிடித்திருந்த நீலப் பாஸ்போர்ட்டைக் கண்டாள். கால் அங்கேயே நின்றுவிட்டது.

சிவபாதம் பெயரைக் கேட்டார், தகப்பன் பெயரைக் கேட்டார். படத்தையும் அவளையும் ஒப்பிட்டுப் பார்க்க அவருக்கு நேரமே ஆகவில்லை. இனிப் பயமில்லை, இரவுக்கு என் வீட்டில் மனைவி மக்களோடு இருக்கலாம், நாளைக்கே கொழும்புக்குக் கூட்டிப் போய் விமானம் ஏற்றிவிடுவோம் என்று சொன்னார். இதைக் காட்டினால் எந்த வாசலும் திறக்கும் என்றார்.

அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். கப்பல் போன பக்கம் பார்த்தாள். தண்ணீர் இருட்டத் தொடங்கியிருந்தது. கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கி, கடைசியில் கேட்டுவிட்டாள்.

“சார், எங்க கூட வந்தவங்க பதினோரு பேர். யாராவது எனக்காக இறங்கினாங்களா?”

சிவபாதம் பாஸ்போர்ட்டை அவள் கையில் வைத்தார்.

“இல்லப் பிள்ளை, ஆரும் இறங்கேல்ல. இது மட்டும்தான் இறங்கினது.”