பூச்சியப்பன் தின்னாத உருண்டை

ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தாரு. ராஜாவுக்கு என்ன அவசரம், அரமனையிலதான இருக்கப் போறாரு, அவரு அப்புறமா வரட்டும். அதே ஊர்ல ஆத்துத் துறையில மூட்ட தூக்குறவன் ஒருத்தன் இருந்தான், பேரு பூச்சியப்பன். பேருதான் பூச்சி, ஆளு கோயில் தேரு கணக்கா இருப்பான். பரிசல்ல வர்ற நெல்லு மூட்டைய இந்தக் கக்கத்துல ஒண்ணு, அந்தக் கக்கத்துல ஒண்ணு, தலையில ஒண்ணுன்னு வச்சுக்கிட்டு, வழியில யாராச்சும் கெடச்சா நின்னு பேசவும் செய்வான். பந்தியில உக்காந்தா அவனுக்கு மூணு எல சேத்துப் போடணும். மொத எல சோத்துக்கு, ரெண்டாவது எல சோத்துக்கு, மூணாவது எலயும் சோத்துக்குத்தான், கொழம்ப எங்க ஊத்துறதுன்னு பரிமாறுறவன் முழிப்பான். சிரிச்சது போதும், கால நீட்டிப் படுத்துக் கேளு.

அந்த ஊருக்குப் பேரு ஆனைவாசல். ஆத்துக்கு அக்கரையில கொன்றைத்துறைன்னு இன்னொரு ஊரு, அதுக்கு வேற ராஜா. ஒரு நாளு உச்சி வேளையில அந்த ராஜா வெள்ளைக் கொடை பிடிச்சுக்கிட்டு அக்கரையோரமாப் போனாரு. நம்ம ராஜா இக்கரையில நின்னு பாத்துக்கிட்டிருந்தாரு. பக்கத்துல மந்திரி திருமேனி. அந்த மந்திரிக்கு அக்கரைத் தென்னந்தோப்பு மேல ரொம்ப நாளா ஒரு கண்ணு. அவனுக்கு மரியாத போட்டுச் சொல்ல எனக்கு வாய் வரல, அவன்னே சொல்றேன். அவன் ராஜா காதுகிட்டப் போயி, பாத்தீங்களா மகாராஜா, உங்களப் பாத்தும் கொடைய இறக்கல, இது உங்களுக்கு அவமானம், நாட்டுக்கு அவமானம், நம்ம சாமிக்கே அவமானம்னு ஊதி விட்டான். ராஜா நல்லவருதான், ஆனா யாரு கடைசியாப் பேசுறாங்களோ அவங்க பேச்சக் கேக்குறவரு. அன்னிக்குக் கடைசியாப் பேசுனது மந்திரி, அதனால சண்டைன்னு முரசு அறைஞ்சாச்சு.

அந்த நாட்ல சண்டைக்குன்னு ஒரு வழக்கம் உண்டு. அரமனை முத்தத்துல அண்டாவ ஏத்தி, செவப்பரிசியப் பொங்கி, ஆட்டுக்கறிக் கொழம்ப ஊத்திப் பெசஞ்சு, பேரு சொல்லிக் கூப்பிட்ட ஒவ்வொருத்தனுக்கும் ராஜா தன் கையாலயே ஒரு உருண்டை குடுப்பாரு. அந்த உருண்டைய எவன் தின்னாலும் சரி, அந்தச் சண்டை தீர்ற வரைக்கும் அவன் படையாளு. தின்னுட்டு ஓடுனான்னா பெத்தவளே கதவத் தெறக்க மாட்டா. அதோட, கூப்பிட்டவனோட உருண்டை ஒண்ணே ஒண்ணு மிஞ்சுனாலும் படை நகரக் கூடாது, அபசகுனம். சரி, ஒருத்தன் தின்ன மாட்டேன்னா என்ன செய்யிறது? அதுக்குச் சட்டமே இல்ல. அதுவரைக்கும் யாரும் அப்படிச் சொன்னதில்ல.

வரிசையில பூச்சியப்பன் முற வந்துச்சு. எல்லாருக்கும் குஷி. இவன முன்வரிசையில நிப்பாட்டுனா அக்கரைக்காரன் பாத்த ஒடனே ஓடிருவான்னு பேசிக்கிட்டாங்க. அவனுக்குன்னு அளவெடுத்து ஒரு இரும்புக் கவசம்கூட அடிச்சு வச்சிருந்தாங்க. ராஜா அவனுக்குத் தேங்கா அளவுக்கு உருண்டை பிடிச்சு நீட்டுனாரு. அவன் ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால கட்டிக்கிட்டு, "வேணாம் மகாராஜா"ன்னான்.

பூச்சியப்பன் சோறு வேணாங்குறானே. அரமனை வைத்தியரு ஓடி வந்து நாக்க நீட்டச் சொல்லிப் பாத்தாரு, கண்ண இழுத்துப் பாத்தாரு, வயித்தத் தட்டிப் பாத்தாரு. வயிறு கடமுடன்னு சத்தம் போட்டுச்சு. வேற ஒண்ணுமில்ல, நல்ல பசிதான்னு சொல்லிட்டு அவரு போயிட்டாரு.

"பசிக்குது மகாராஜா"ன்னான் பூச்சியப்பன். "ஆனா இதத் தின்னா நான் அக்கரையில போயி மனுசனக் குத்தணும். போன வெள்ளத்துல அவங்க பிள்ளைங்களத் தோள்ல தூக்கிட்டு வந்தவன் நான். அவங்களத் தெரியாமலே இருந்தாலும், ஒருத்தன் வயித்துல ஈட்டிய எறக்க என் கை வராது."

மந்திரி குதிச்சான். நன்றி கெட்ட பயலே, நாட்டுப் பற்று இல்லாத பயலே, பயந்தாங்கொள்ளிப் பயலேன்னு மூணு பயலே போட்டான். பூச்சியப்பன் நிதானமாக் கேட்டுக்கிட்டு, "இது எனக்கும் நாடுதான் ஐயா. அவங்க இங்க ஏறி வந்தா துறைப்படியில குறுக்க நிப்பேன். என்ன வெட்டிப் போட்டுட்டுத்தான் ஊருக்குள்ள காலு வைக்கணும். ஆனா நான் யாரையும் வெட்ட மாட்டேன்"னான். கூட்டத்துல பாதிப் பேரு சிரிச்சாங்க, பாதிப் பேரு காறித் துப்புனாங்க.

மூணு நாளு கெடு குடுத்தாங்க. அதுக்குள்ள தின்னா படைக்கு, தின்னாட்டி கழுத்துக்கு. மொத நாளு அவன அரமனை அடுப்படிக்குப் பக்கத்து அறையில அடைச்சுப் போட்டாங்க. வேற சோறு தண்ணி கெடையாது, அந்த உருண்டை மட்டும் எதுக்க இருக்கும், ஆறுனா புதுசா ஒண்ணு சுடச்சுட வரும். அந்தப் பக்கம் வெங்காயம் வதங்குது, கறி வேகுது, நெய்யி உருகுது. இவன் மூக்கப் பிடிச்சுக்கிட்டான், வாசன காது வழியா வந்துச்சு. சொவத்தப் பாத்துத் திரும்பி உக்காந்துக்கிட்டே அன்னிக்குப் பொழுதக் கழிச்சான்.

ரெண்டாம் நாளு பூச்சியப்பனோட பொண்டாட்டி அங்காயிய மந்திரி அனுப்பி வச்சான். அவ சும்மா வரல, கொதிச்சுக்கிட்டு வந்தா. கெணத்தடியில ஒருத்தியும் எனக்கு வாளி தர மாட்டேங்குறா, பயந்தாங்கொள்ளி பொண்டாட்டின்னு பிள்ளைங்க கல்லெறியுது, அந்தச் சோத்தத் தின்னுட்டு அங்க போயி ஈட்டிய ஆத்துல போட்டுட்டுச் சும்மா நின்னுட்டு வாங்களேன், யாருக்குத் தெரியப் போகுதுன்னு கேட்டா.

"சோத்தத் தின்னுட்டு ஏமாத்தவும் எனக்கு வராது புள்ள. தின்னா குத்தணும். குத்த முடியாது. அதான் திங்கல."

"நாளைக்கு வெட்டிருவாங்களாமே. பயமா இல்லையா?"

"இருக்கு. ரொம்பப் பயமா இருக்கு."

அவளுக்கு அழுக பொங்கிருச்சு. இம்புட்டுப் பெரிய ஆம்பள பயமா இருக்குன்னு சொல்லி அவ கேட்டதே இல்ல. இம்புட்டுப் பயத்தோட ஒருத்தன் ஒரே பேச்சுல நிக்கிறானேன்னு அவளுக்கு மனசு என்னமோ பண்ணுச்சு. அப்புறம் அவன் பக்கத்துலயே உக்காந்து, நானும் திங்கலன்னுட்டா.

வெளிய என்னாச்சுன்னா, உருண்டை தின்னவங்க எல்லாம் முத்தத்துலயே வெயில்ல குந்திக் கெடந்தாங்க. வீட்டுக்கும் போக முடியாது, ஒரு உருண்டை மிஞ்சிக் கெடக்குறதால சண்டைக்கும் போக முடியாது. சும்மா கெடந்தா மனுசனுக்கு யோசன வருமில்ல? இந்தச் சண்டை எதுக்குன்னு ஒருத்தன் கேட்டான், பக்கத்துல இருந்தவன் தெரியலயேன்னான், அவன் அடுத்தவனக் கேட்டான். இப்படியே வரிசை பூராக் கேட்டுக்கிட்டே போயிருச்சு.

மூணாம் நாளு காலையில பூச்சியப்பனக் கையக் கட்டி நடு முத்தத்துல மண்டி போட வச்சாங்க. ஒரு பக்கம் அருவாளோட வெட்டுறவன், ஒரு பக்கம் உருண்டையோட மந்திரி. ராஜாவுக்கு இதுல இஷ்டமே இல்ல, நகத்தக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. பூச்சியப்பனுக்குக் கண்ணு இருட்டுது. உருண்டையப் பாத்தான், மந்திரியப் பாத்தான், திரும்பவும் உருண்டையப் பாத்தான். மோந்து பாத்துட்டு, "ஐயா, இதுல உப்பு பத்தல போலருக்கே"ன்னான்.

அரமனைச் சமையக்காரருக்கு வந்துச்சே கோவம். என் சோத்துல உப்பு பத்தலையா, மூணு ராஜாவுக்கு ஆக்கிப் போட்ட கைய்யி இது, இவன் மோந்து பாத்துச் சொல்றதான்னு கரண்டியோட ஓடியாந்தாரு. உப்புக்கு ஏது வாசன? அந்த நேரத்துல ஒருத்தருக்கும் அது தோணல. அவரு மந்திரி கையப் பிடிச்சுக்கிட்டு, ஐயா நீங்களே பெரிய மனுசன், நீங்களே ஒரு வாய் போட்டுப் பாத்துச் சொல்லுங்கன்னு அழுதாரு. மந்திரிக்குச் சீக்கிரம் வேல முடியணும். ஒரு கவளம் கிள்ளி வாயில போட்டான், மென்னான், முழுங்குனான். "உப்பெல்லாம் சரியாத்தான் இருக்கு, தின்னுடா"ன்னான்.

கூட்டம் பூரா மந்திரி வாயையே பாத்துச்சு. ஏன்னா இந்த மந்திரி இதுக்கு முந்தி நடந்த எந்தச் சண்டையிலயும் உருண்டை தின்னதில்ல. ஒரு சண்டைக்கு ஏகாதசி விரதம்னான், ஒரு சண்டைக்கு வயித்து வலின்னான், ஒரு சண்டைக்கு மாமனாருக்குத் திதின்னான். மாமனாரு அப்ப உசுரோட திண்டுல சாஞ்சு வெத்தல போட்டுக்கிட்டிருந்தாரு.

"தின்னுட்டீங்களே ஐயா"ன்னான் பூச்சியப்பன், மெதுவா.

மந்திரிக்கு மூஞ்சி வெளிறிப் போச்சு. ருசிதான் பாத்தேன், ஒரு வாய்தான், இது கணக்குல சேராதுன்னான். சமையக்காரரு, இல்லயே முழுங்குனீங்களே, நான் தொண்டையப் பாத்துக்கிட்டேதான இருந்தேன்னாரு. குந்தியிருந்தவங்க அம்புட்டுப் பேரும் எந்திரிச்சு, மந்திரி தின்னுட்டாரு, மந்திரி தின்னுட்டாரு, மந்திரி தின்னுட்டாருன்னு சொன்னாங்க. ராஜா யாரு பேச்சக் கேப்பாரு? அன்னிக்குக் கடைசியாப் பேசுனது ஊரு.

அப்ப பூச்சியப்பனோட உருண்டைய மந்திரி தின்னாச்சு, அவன் எடத்துல முன்வரிசைக்கு மந்திரிதான்னு ராஜா தீர்ப்புச் சொன்னாரு. கவசத்தக் கொண்டாந்து மாட்டி விட்டாங்க. உள்ள மந்திரி நிக்கிறானா உக்காந்திருக்கானான்னே தெரியல. கொஞ்ச நேரம் கழிச்சு உள்ளருந்து சன்னமா ஒரு சத்தம் வந்துச்சு.

"மகாராஜா, யோசிச்சுப் பாத்தா அன்னிக்கு நல்ல வெயிலு. அந்த வெயில்ல யாரா இருந்தாலும் கொடை பிடிச்சுட்டுத்தான் போவாங்க. இதுல அவமானம்னு ஒண்ணும் இல்ல."

"இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?"

"அன்னிக்கு நான் சாப்பிடலையே மகாராஜா."

ராஜாவுக்கு அப்பத்தான் உள்ளுக்குள்ள சுருக்குன்னுச்சு. வெக்கத்துல தலைய நிமித்த முடியல. சண்டை இல்ல, எல்லாரும் வீட்டுக்குப் போங்கன்னாரு. ஆனா தின்ன சோத்துக்கு மந்திரி அக்கரைக்குப் போயித்தான ஆகணும்? கவசத்தோட பரிசல்ல ஏத்தி விட்டாங்க. அக்கரை ராஜாகிட்ட நடந்ததச் சொல்லி மன்னிப்புக் கேட்டான், அவரு விழுந்து விழுந்து சிரிச்சு, அந்தத் தோப்புத் தேங்காய ஒரு மூட்ட கட்டி அவன் தலையிலயே ஏத்தி அனுப்புனாரு. அன்னையிலருந்து அவனுக்கு மந்திரி வேல போயி, துறையில மூட்ட தூக்குற வேலதான்.

ராஜா கட்ட அவுத்து விட்டு, தன் கையாலயே சோத்தப் பெசஞ்சு பூச்சியப்பன்கிட்ட நீட்டுனாரு. அவனுக்கு நிக்கக்கூடத் தெம்பில்ல, இருந்தாலும் கைய நீட்டாம, "இது எதுக்கான சோறு மகாராஜா?"ன்னு கேட்டான்.

ராஜா தன் கையில இருந்த சோத்தக் குனிஞ்சு பாத்தாரு. அவரு கையால அள்ளிக் குடுத்த சோறெல்லாம் சண்டைக்குக் குடுத்த சோறுதான்.

"பசிக்கு"ன்னாரு.

பூச்சியப்பன் மொத உருண்டைய அங்காயி வாயில வச்சான். அப்புறம் உக்காந்தான். அவன் எந்திரிக்கிறப்ப அண்டாவக் கழுவ வேண்டிய வேலையே இல்ல.

அதுக்கப்புறம் அந்த நாட்ல ஒரே ஒரு சட்டம் புதுசா வந்துச்சு. சண்டைன்னு எவன் மொதல்ல வாயத் தெறக்குறானோ, அவனுக்குத்தான் மொத உருண்டை. சண்டையே வரலையான்னு கேக்குறியா? அப்படியெல்லாம் பொய் சொல்ல மாட்டேன். ஆனா சபையில நெறையப் பேருக்கு அடிக்கடி ஏகாதசி வந்துச்சு. அவங்க அங்க பட்டினி, நாம இங்க வயிறாரச் சாப்பிட்டாச்சு, கதையும் செரிச்சுப் போச்சு, கண்ண மூடு.